சிட்டுவின் சீம்பால்

பண்ணையிலிருந்து தம்பி ஒரு பெரிய கிடாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியபோது அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"ஆடு கேட்டா கன்னுக்குட்டியைக் கொண்டு வந்திருக்கியேடா!"

"கன்னுக்குட்டி இல்லக்கா, வீட்டோட மாப்பிள்ளை. மரியாதையா கவனிச்சுக்கோ."

அன்றிலிருந்து கிடாவுக்கு மாப்பிள்ளை என்றே பேர் நின்றுவிட்டது. தம்பி கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டர். நாலைந்து ஆடு வைத்துப் பிழைப்பவர்கள் தங்கள் சின்ன இனத்து ஆடுகளைப் பெரிய இனத்துக் கிடாவோடு சேர்த்தால் குட்டிகள் சீக்கிரம் எடை போடும் என்று தொண்டைத் தண்ணீர் வற்ற எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். ஒருத்தரும் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் அக்கா வீட்டுக்கு வந்தான். அவள் தன் பேச்சைத் தட்டமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். அம்மா போன பிறகு அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அவள்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான். "இன்னும் குட்டி போடாத சின்ன ஆடுங்களை இவன் கிட்ட விட்டுடாதே. இவன் குட்டி பெரிசா இருக்கும், அதுங்க தாங்காது."

அக்காவின் கணவர் பட்டிக்கு நடுவே தட்டி வைத்துக் கட்டினார். அந்தப் பக்கம் சின்ன ஆடுகள். அவற்றில் ஒன்றுதான் சிட்டு. பிறந்த அன்றே தாய் முட்டித் தள்ளிய குட்டி அது. அக்கா புட்டிப்பால் கொடுத்து ஆளாக்கினாள். அவள் குரல் கேட்டால் போதும், தீனியை விட்டுவிட்டு ஓடிவரும்.

ஏற்கெனவே குட்டி போட்ட ஆடுகளுக்கு மாப்பிள்ளையின் குட்டிகள் பிறந்தபோது பார்க்கக் கூட்டமே வந்தது. பக்கத்து வீட்டுக்காரி ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "அடியாத்தி, இடுப்பு கழண்டுடும் போலிருக்கே!" என்று இறக்கிவிட்டாள். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பியின் பேச்சு பலித்துவிட்டதே!

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு காற்றில் தட்டி சாய்ந்தது. காலையில் அவள் போய்ப் பார்த்தபோது, ஒன்றும் நடக்காததுபோல் மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது சிட்டு.

சில வாரம் கழித்துத் தம்பி வந்து பார்த்து, சினைதான் என்று உறுதி செய்தான். "ஊசி போட்டுக் கலைச்சிடலாம்கா. இப்பவே போட்டா ஆட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அக்காவுக்கு இரண்டு தடவை கரு வயிற்றிலேயே கலைந்துபோயிருந்தது. அதற்கப்புறம் எதுவும் தங்கவில்லை. அந்த வார்த்தையை அந்த வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை.

"வேணாண்டா," என்றாள் அக்கா. முகம் வெளுத்துப்போயிருந்தது. "வந்தது இருக்கட்டும். நான் பார்த்துக்கறேன்."

தம்பி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பைக்குள் வைத்துவிட்டான்.

நாள் நெருங்க நெருங்கச் சிட்டுவுக்கு நடக்கவே முடியவில்லை. ஒரு நாள் பகலில் வலி கண்டது. தம்பி வந்து சேர்ந்தபோது அது கத்துவதைக்கூட நிறுத்தியிருந்தது. அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தான். அக்கா அதன் தலையை மடியில் ஏந்திக்கொண்டாள்.

"தலை வருது, ஒரு கால் மடங்கிக் கிடக்கு. பிடிச்சுக்கோக்கா."

"கொஞ்சம் பொறுத்துக்கோடி, என் கண்ணு. இதோ ஆச்சு, இதோ ஆச்சு."

குட்டி வந்தது. பெரிய குட்டி. தம்பி அதன் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்தான். அது தும்மி மூச்சு விட்டது. அந்தச் சத்தம் கேட்டுச் சிட்டு கழுத்தை நீட்டியது. எட்டவில்லை. ரத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. தம்பி என்னென்னவோ மருந்து ஏற்றினான். கழுத்து மெல்ல அவள் மடியில் சாய்ந்தது.

அக்கா அழத் தொடங்குமுன் தம்பி அவள் தோளைத் தொட்டான்.

"அக்கா, உடம்பு ஆறதுக்குள்ள சீம்பால் கறந்துடு. அது இல்லாட்டி குட்டி தேறாது. நான் குட்டியைப் பார்த்துக்கறேன்."

அவள் கிண்ணத்தை வைத்துக் கறந்தாள். மடி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. மஞ்சளாக, கெட்டியாகப் பால் இறங்கியது. கண்ணீர் விழுந்துவிடக் கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கறந்தாள். புட்டியில் ஊற்றிக் கொடுத்ததும் குட்டி முட்டி முட்டிக் குடித்தது.

கொல்லையில் கணவர் குழி வெட்டும் சத்தம் கேட்டது.

"ஏண்டா அன்னைக்கு என் பேச்சைக் கேட்ட?" என்றாள் அக்கா. "நீ டாக்டர்தானே? என்னை அதட்டியிருக்கக் கூடாதா?"

"நீ அழுதுடுவியோன்னு பயந்துட்டேன்கா."



குட்டி பிழைத்துக்கொண்டது. கிடுகிடுவென்று வளர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அக்கம்பக்கத்தில் பலர் மாப்பிள்ளையைக் கேட்டு வரத் தொடங்கினார்கள். தம்பி நினைத்தது நடந்தது. வருகிறவர்களை அக்கா உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பாள். சிட்டுவுக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பிப்பாள். ஒரு தடவையும் அவளால் முழுதாகச் சொல்ல முடிந்ததில்லை. பாதியில் எழுந்து உள்ளே போய்விடுவாள். மிச்சத்தை அவள் கணவர்தான் சொல்லி முடிப்பார்.