முத்தல் இலைத் தட்டு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது திகன ஊர் மட்பாண்டப் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். பன்னிரண்டு வருடமாக அங்கே மற்றவர்கள் வரைந்த பூக்களுக்குச் சாயம் பூசினால் யாருக்குத்தான் வராது? ஒருநாள் முதலாளி ஹில்மி கூப்பிட்டார்.

"பரிமளம், நீங்களே ஒரு தட்டு செஞ்சு காட்டுங்க. வாங்குறவங்க மாசக் கடைசியில வாராங்க. அவங்களுக்குப் புடிச்சா இனி ஒங்கட வேல டிசைன்தான்."

பிடிக்காவிட்டால் மறுபடியும் சாயத் தூரிகைதான். அதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

நான் பிறந்தது ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில்; பட்டறைக்கு வரும்வரை அங்கே கொழுந்து பறித்தவள். தேயிலையை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? ஈரக் களிமண்ணில் நிஜ இலையை அழுத்தி, அச்சு விழுந்த தட்டைச் சுட்டெடுப்பது என்று முடிவு செய்தேன். இன்னமும் அங்கே மலையில் கொழுந்து பறிக்கிற தங்கை சஞ்சீவனிக்குப் போன் போட்டு, "நல்ல எலையா ஒரு பை பஸ்ல குடுத்து வுடு" என்றேன்.

பை வந்தது. திறந்தால் எல்லாம் இளங்கொழுந்து. உருளையால் அழுத்தியதும் நசுங்கி மண்ணோடு ஒட்டிக்கொண்டது. ஒரு நரம்புகூடப் பதியவில்லை. ஆறு தட்டு பாழ்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை பஸ்ஸில் போய் அவள் வாசலில் நின்று கத்தினேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல எலன்னுதானே கேட்ட? இதவிட நல்ல எல எங்க இருக்கு?"

"எனக்கு முத்தின எலதான்டி வேணும்."

"அது கூடைல கெடந்தாலே கங்காணி ஏசுவாரு, பொறுக்கி வீசச் சொல்லுவாரு. கையி போகமாட்டேங்குதுக்கா."

"நானே பறிக்கிறேன்" என்று செடிகளுக்குள் இறங்கினேன். பத்து நிமிடம் கழித்துப் பையைப் பார்த்தால், அட கடவுளே, அதுவும் முழுக்கக் கொழுந்து. இத்தனை வருடமாகியும் என் விரல் மாறவில்லை. சஞ்சீவனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்புறம் அவள்தான் குனிந்தாள். செடியின் அடியில் தடித்துக் கறுத்த இலைகளைத் திருப்பித் தடவிப் பார்த்து, நரம்பு புடைத்ததை மட்டும் கிள்ளினாள்.

"பூச்சி கடிச்சதையும் போடவாக்கா?"

"போடு."

வாரத்தில் அவளுக்குக் கிடைப்பது அந்த ஒரு நாள் ஓய்வு. அதில் பாதியை எனக்காக வெயிலில் கழித்தாள்.

அந்த இலைகள் மண்ணில் அச்சு அசலாகப் பதிந்தன. பூச்சி கடித்த ஓட்டையின் தடம்கூட விழுந்தது. மாதக் கடைசியில் வாங்க வந்த பெண்மணிக்குத் தட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை. அவர் போனதும் ஹில்மி, "நல்லா இரிக்கி. நாளையில இருந்து டிசைன் போடுற அந்த ஜன்னல் மேச ஒங்களுக்கு" என்றார். பொலபொலவென்று அழுதுவிட்டேன். யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியாதா?

அடுத்த ஞாயிறு ஒரு தட்டை அவளுக்கே கொண்டுபோனேன். "எல்லாம் ஒன்னாலதான்டி. ரொம்ப நன்றி" என்றேன். எங்களுக்குள் அந்த வார்த்தை பழக்கமில்லை.

"என்னாக்கா, ஒடம்புக்கு முடியலயா?" என்று கிண்டலடித்தாள்.

பிறகு தட்டை மடியில் வைத்து, ஒரு நரம்பின் மேல் கட்டை விரலை மெதுவாக ஓட்டினாள். ஓரம்வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாள்.

"இதையாக்கா இத்தன வருசமா வீசிக்கிட்டு இருந்தோம்?" என்றாள்.