லியோனின் பிடி

நிலக்சனா அனுப்பிய வீடியோவில் ஒரு கறுப்பு வட்டம், அதற்குள் மெல்ல அசைகிற சில பச்சைப் பொட்டுகள். ஊர்காவற்றுறையில் தன் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் நின்று மேரிசுகந்தி அதைப் பார்த்தாள்.

"மாமி, இது மாமாவின்ர உயிர்க்கலம்," என்றாள் அவளுடைய அண்ணன் மகள் நிலக்சனா, வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசியில். "போன வருசம் தோலில எடுத்தது. இஞ்ச உயிரோட வளருது."

மரபணுவை வெட்டுகிற கருவி ஒன்று உண்டாம். அதன் வெட்டும் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஒளிரும் நிறத்தைக் கட்டிக் கலத்துக்குள் விட்டால், தேடச் சொன்ன ஆர்.என்.ஏ.யில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் மினுங்கும். மேரிசுகந்தியின் கணவர் லியோனின் கலத்தில் ஒரு ஆர்.என்.ஏ. அளவுக்கு மிஞ்சி நீண்டு, கட்டிகட்டியாய்க் கிடந்தது.

"அதாலதான் மாமா எதைப் பிடிச்சாலும் கை சட்டெண்டு விடுபடாது."

நல்ல செய்திதான்: இது நோய், அவருடைய பிழையில்லை. வலைக்கயிற்றை விடத் தெரியாதவன் என்று பாதிக் கரை லியோனைக் கேலி செய்தது. படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி அவரை ஏற்றவே மறுத்தார். இனி ஒருவரும் வாய் திறக்க ஏலாது. ஆனால் மேரிசுகந்தியின் முகம் வாடிப்போனது.

கலியாணத்தன்று கோயிலில் சேர்த்துவைத்த கையை லியோன் வீட்டுவாசல் வரைக்கும் விடவில்லை. கோயிலுக்குள்ளேயே குருவானவர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். பிள்ளையில்லாத வீட்டில், சண்டை பிடித்துப் பேசாமல் கிடந்த நாட்களில், இந்த மனுசன் என்னை விடமாட்டார் என்று அவள் நம்பியது அந்தக் கையை வைத்துத்தான். பார்த்தால், எல்லாம் இந்தப் பச்சைப் பொட்டின் வேலை. அவளுக்கு அழுகை வந்தது. இந்த வயதில் இதற்கு அழுகிறேனே என்று வெட்கமும் வந்தது.

லியோன் வந்ததும் வீடியோவைக் காட்டினாள்.

"வடிவாத்தான் இருக்கிறன்," என்றார் அவர்.

"கலியாணத்தண்டும் உந்தக் கை வருத்தத்தாலதானே என்ர கையை விடேல்லை?"

லியோன் யோசித்தார். பொய் சொல்ல வராத ஆள். வந்திருந்தால் சம்மாட்டியிடமே ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

"ஓம். விரல் மடங்கினபடி நிண்டிட்டுது. நல்லாப் பயந்துபோனன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிறகு, குருவானவர் சிரிக்கேக்குள்ளயே விரல் இளகீட்டுது," என்றார் லியோன். "உமக்கு அது தெரியாதுதானே. அதால நான் பேசாமல் பிடிச்சுக்கொண்டு வந்தனான்."