குரல் சரிபார்ப்பு

என் குரலின் விலை ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய், ரிச்சி தெருவில் எட்டாயிரம் என்று நின்றவனைத் துண்டுத்தாளில் எழுதியெழுதியே இறக்கி வாங்கிய மோடம், கம்ப்யூட்டரைப் போன் லைனில் கோக்கும் பெட்டி, முகப்பில் வரிசையாய்ச் சிவப்பு விளக்குகள், நம்பரைப் போட்டு அந்தப் பக்கத்து மோடம் எடுத்துவிட்டால் கேரியர் விளக்கு எரியும், எரிந்தால் பேச்சு திறந்தது என்று பொருள், அந்த நேரத்தில் பெட்டி கீச்சென்று கத்துமாம், அந்தக் காலத்து ஆட்கள் கூடினால் இப்போதும் அந்தக் கத்தலைத்தான் கண்ணில் நீர் முட்டப் பேசுகிறார்கள், நான் சும்மா தலையாட்டுகிறேன், ஒன்பது வயதுக் காய்ச்சல் இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது, எனக்குத் தெரிந்தது விளக்கு மட்டும்தான், இதோ எரிகிறது, ஆண்டர்சன் தெருவில் எங்கள் பேப்பர் கடை, ஞாயிற்றுக்கிழமை, ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது, திரையில் ‘கூவம்’ என்ற பெயர் பச்சை எழுத்தில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.

கூவம் ஒரு புல்லட்டின் போர்டு, போன் வழியே உள்ளே போய் ஆளாளுக்கு எழுதிவைக்கும் பலகை, யாரோ ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டர், ஒரே போன் லைன், ஒருவர் உள்ளே போனால் மற்றவர்களுக்கெல்லாம் எங்கேஜ்டு, நடத்துகிறவரை சிசாப் என்பார்கள், ஆணா பெண்ணா என்பது குரல் கேட்டவர்களுக்குத் தெரியும், எனக்கு அவர் சிசாப், புதிதாய் வந்தவன் மற்றவர்கள் எழுதியதைப் படிக்கலாம், எழுத முடியாது, பொய்ப் பெயர்க்காரர்களை வடிகட்ட சிசாப்பே போன் செய்து ஆளின் குரலைக் கேட்பார், கேட்ட பிறகுதான் எழுத விடுவார், உள்ளே அடையாற்றுக்காரர் ஒருவர் ஓரத்தில் ஓட்டை போட்ட கம்ப்யூட்டர் பேப்பருக்கு என்ன விலை என்று கேட்டிருக்கிறார், இன்னொருவர் வாய்க்கு வந்த விலையைச் சொல்லியிருக்கிறார், சரியான விலை தெரிந்த நான் வாயடைத்து உட்கார்ந்திருக்கிறேன், கடையிலும் இதே கதைதான், நான் விரலில் காட்டும் விலையை அண்ணன் தனுஷ்கோடியின் வாய் கொஞ்சம் குறைத்தே சொல்லும், அவனுக்கு வெட்கம், நஷ்டம் எனக்கு.

மூன்று மணிக்குக் கூப்பிடுகிறேன் என்று சிசாப் எழுதியிருந்தார், அண்ணன் என் எதிரே வந்து நின்று உதட்டைத் தெளிவாக அசைக்கிறான், ஏல, இது என்ன பெரிய வித்த, நான் எடுத்து ஒம் பேரச் சொல்லிட்டு வச்சிருதேன், அந்தாளுக்கு என்ன தெரியப்போவுது, வேண்டாம் என்றேன், ஒஞ் சத்தத்தக் கேட்டா மனுசன் பயந்துருவாம்ல, பயப்படட்டும் என்றேன், அப்ப நீயே பட்டுக்க என்று டீ குடிக்கப் போய்விட்டான், மோடத்தை அணைத்துவிட்டு, அதே லைனில் இருக்கும் கறுப்பு டெலிபோன் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், மணி அதிர்ந்தது, எடுத்தேன், பெயரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், எனக்கு எழுத வேண்டும், சொல்ல நிறைய இருக்கிறது என்றேன், காதில் விழாத என் பேச்சு தொண்டையில் நடுங்கியது, வைத்தேன், சட்டை நனைந்துவிட்டது.

சற்றுப் பொறுத்து மோடத்தைப் போட்டு உள்ளே போனால் எழுதும் இடம் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது, சிசாப்பைத் திரைக்கு வரச்சொல்ல ஒரு கட்டளை உண்டு, தட்டினேன், வந்தார், அவர் அடிப்பதும் அழிப்பதும் எழுத்தெழுத்தாய் எனக்குத் தெரியும், இங்கிலீஷ் எழுத்தில் தமிழ், நான் கூப்ட்டப்ப உங்க லைன் எங்கேஜ்டா இருந்துதே, நாம இன்னும் பேசவே இல்லியே, அப்படியானால் நான் பேசியது யாரோடு, ஞாயிற்றுக்கிழமையும் ரேட் கேட்கிற எந்தப் பிரஸ்காரரோ என் பெயரையும் ஆசையையும் கேட்டுக்கொண்டு திகைத்து நின்றிருக்கிறார், சிரிப்பு வந்தது, எனக்குக் காது கேட்காது, வேறு யாரிடமோ பேசிவிட்டேன் என்று அடித்தேன், சாரி என்று வந்தது, ஒவ்வோர் எழுத்தாய் அழிந்தது, உங்களுக்கு இந்த டெஸ்ட் வேணாங்க, அப்படியே திறந்துவிட்டுடறேன் என்று வந்தது, கோயில் வாசலில் செருப்பு விடுவதற்கும் பேரம் பேசுகிற குடும்பம் எங்களுடையது, கேட்காமல் கிடைத்த தள்ளுபடியை அதில் ஒருவரும் திருப்பிக் கொடுத்ததில்லை, நான் கொடுத்தேன், எல்லாருக்கும் என்ன விலையோ அதான் எனக்கும், கூப்பிடுங்க என்று அடித்தேன், நான் பேசறது உங்களுக்குக் கேக்காதே என்று வந்தது, கேக்க வேண்டியது நீங்கதான, பேச வேண்டியதுதான் நான் என்றேன்.

சரி, போர்ட நிறுத்திட்டுக் கூப்பிடறேன், லைன விடுங்க என்று வருகிறது, விளக்கு அணைகிறது, அண்ணன் எனக்கும் ஒரு டீயோடு வந்து நிற்கிறான், உள்ளங்கைக்கடியில் மணி அதிர்கிறது, அவன் கை தானாக நீள்கிறது, நான் பார்த்த பார்வையில் நின்றுவிடுகிறது, எடுக்கிறேன், பெயரிலிருந்து ஆரம்பிக்கிறேன், இந்த முறை அவசரமில்லை, அவுக என்ன சொல்லுதாகன்னு கேட்டுச் சொல்லட்டா என்று அண்ணனின் உதடு அசைகிறது, வேண்டாமென்று தலையாட்டிவிட்டுப் பேசி முடிக்கிறேன், அன்றைக்கு எழுதும் இடம் திறந்தது, அடையாற்றுக்காரருக்குச் சரியான விலை போய்ச் சேர்ந்தது, கணக்கென்று பார்த்தால் பேசியது இரண்டு முறை, சிசாப்புக்குப் பேசியது அன்றே வரவாகிவிட்டது, மற்றதைக் கேட்டுக்கொண்டு போனவர் யாரென்று இன்றுவரை தெரியவில்லை, அது நிலுவையில் நிற்கிறது.