பயத்துக்குத் தந்த மாத்திரை

பெண்களுக்கு முடி வெட்டும் அந்தக் கடையில் எல்லோருக்கும் அவள் பெரியக்கா. பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்த அவள் தங்கை, சின்னக்கா. இருவரையும்விட வயதில் மூத்த முதலாளியம்மாகூட அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒரு மதியம், வாடிக்கைக்காரி ஒருத்திக்குத் தலையை அலசிக்கொண்டிருந்த சின்னக்கா குழாயைக்கூட மூடாமல் சரிந்து விழுந்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார்கள். முப்பது வயதுகூட நிறையவில்லை.

பெரியக்கா அழவில்லை. ஆக வேண்டியதைப் பார்த்தாள். துக்கம் கேட்க வந்தவர்களை அவள்தான் தேற்றி அனுப்பினாள். சில வாரம் கழித்து ஒருத்தியின் காதோரம் கத்தரிக்கோலை வைத்தபோது நெஞ்சு தறிகெட்டு அடித்தது. எனக்கும் வந்துவிட்டது என்று நினைத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு அது குளிக்கும்போது வந்தது, பஸ்ஸில் வந்தது, சும்மா இருக்கும்போதும் வந்தது. எல்லாப் பரிசோதனைகளும் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை என்றன. கடைசியில் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா, "பதட்டம்தான். தினமும் காலையில ஒண்ணு" என்று மருந்துச் சீட்டை நீட்டினார். வெளியே கூட்டம் முட்டியது.

அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். எதையும் பிரித்துப் பார்க்காமல் நம்ப மாட்டான். மாத்திரை டப்பாவுக்குள் இருந்த தாளை விரித்துப் படித்தான்.

"மனச்சோர்வுக்குன்னு போட்டிருக்கே! பல்லு வலின்னு போனவனுக்குக் காலுல கட்டுப் போட்ட கதையால்ல இருக்கு?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "என்கூட இருக்கறதுல உனக்கு ஏதாவது குறையா?" என்றான், குரலை இறக்கி.

"ஐயோ, இல்லைங்க."

இருந்தாலும் மாத்திரைமேல் அவளுக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. மாத்திரை போட்ட முதல் சில நாள் வயிறு புரட்டியது. படபடப்பு முன்னைவிடக் கூடியது. யாரையும் கேட்காமல் நிறுத்திவிட்டாள். பயம் நிற்கவில்லை. அந்த வாரமே ஒரு பெண்ணின் காது மடலில் கத்தரி பட்டு ரத்தம் வந்தது. முதலாளியம்மா தனியே கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்ல இரு பெரியக்கா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

இம்முறை டாக்டரம்மாவிடம் கணவனோடு போனாள். உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள்.

"எனக்குப் பயம்தான் டாக்டர், சோகம் இல்ல. எதுக்கு அந்த மாத்திரையக் குடுத்தீங்க?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நியாயமான கேள்வி. நான்தான் முதல் நாளே சொல்லியிருக்கணும். பேருதான் மனச்சோர்வு மருந்து, ஆனா பதட்டத்துக்கும் இதே மருந்துதான் தர்றோம். கேக்க சில வாரம் ஆகும். ஆரம்பத்துல கொஞ்சம் படுத்தவும் செய்யும்."

"பழகிடாதா? ஆளே மாறிட்டா?" என்றான் கணவன்.

"போதை மாதிரி இழுக்காது. ஆனா நீங்களா சட்டுனு நிறுத்தக் கூடாது, நான் படிப்படியாக் குறைப்பேன். எல்லாருக்கும் கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஒத்துக்கலைன்னா வேற பாக்கலாம். இப்போ பாதி மாத்திரையிலேருந்து ஆரம்பிப்போம்." பிறகு அவளைப் பார்த்தார். "வீட்ல யாராவது இறந்தாங்களா?"

"தங்கச்சி."

"அழுதீங்களா?"

"நேரமே இல்ல டாக்டர்."

மெல்ல மெல்லப் பயம் விலகியது. கடைக்குத் திரும்பினாள். ஒரு நாள், முன்முடி கோணல் என்று எப்போதும் சண்டை பிடிக்கும் வாடிக்கைக்காரி வந்தாள். அன்று கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, கண்ணாடிதான் கோணல் என்று சண்டை பிடித்தாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் பெரியக்கா அதை நினைத்துச் சிரித்தபடி போனை எடுத்தாள். இதைச் சின்னக்காவிடம் சொல்ல வேண்டும். பெயரைத் தேடி, விரல் வைக்கப் போன பிறகுதான் உறைத்தது.

அடிவயிற்றிலிருந்து ஓர் அழுகை வந்தது. கணவன் பதறிப்போய்த் தண்ணீரும் மாத்திரையுமாக ஓடிவந்தான்.

"காலையில போட்டுட்டேன். இது பயம் இல்லைங்க" என்றாள். "அவ இல்லைங்க. அவ இல்ல."

அவன் தம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "லிப்ட் மாமா, எப்போ மேல ஏறப் போறீங்கன்னு என்னைக் கேலி பண்ணிட்டே இருப்பா" என்றான். "இப்போ யாரும் கேக்கறதில்ல."