அடுத்த மாதம் இன்னும் குறையும்

டமார் என்று எதிர்க்கடை ஷட்டர் விழுந்த சத்தத்தில், ஃப்ரிட்ஜ் ஷோரூம் விற்பனையாளர் திடுக்கிட்டுத் திரும்பினார். காலை பதினொரு மணிதான். செருப்புக் கடைக்காரர் ஒரேயடியாகக் கடையை மூடிப் பூட்டைத் தொங்கவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்துவிட்டார். அந்தத் தெருவில் இனி திறந்திருப்பது இவர் கடை ஒன்றுதான்.

இந்தக் கடை மட்டும் என்ன வாழ்ந்தது? வாராவாரம் முதலாளி விலைச்சீட்டை மாற்றச் சொல்வார். பழையதன் மேல் புதியதை ஒட்டி ஒட்டிச் சீட்டு அட்டை மாதிரி தடித்துவிட்டது. வருகிறவர்கள் கதவைத் திறந்து, மூடி, போட்டோ எடுத்துக்கொண்டு, அடுத்த மாதம் வருகிறோம் என்று கிளம்புவார்கள். விற்கவில்லை என்று விலையைக் குறைத்தார்கள். விலை குறைகிறதே என்று ஜனங்கள் இன்னும் காத்திருந்தார்கள். போன வாரம் சம்பளத்திலும் கை வைத்த முதலாளி, எல்லாம் இறங்கும்போது உன் சம்பளம் மட்டும் என்ன உசத்தியா என்று கேட்டார்.

வாடகை இறங்குவது ஒன்றுதான் தனக்கு லாபம் என்று இவர் நினைத்திருந்தார். மனைவியும் ஐந்து வயது மகளும் தொலைவில் மாமனார் வீட்டில் இருந்தார்கள். இங்கே இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்துவைத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மாதாமாதம் வீட்டுக்காரர் கொஞ்சம் இறங்கிவந்தார். மாதாமாதம் இவரும் மனைவிக்குப் போன் போட்டு, இன்னும் ஒரு மாதம் பொறு, இன்னும் குறையும் என்றார். அதுவரை இவருக்கு ஓர் ஒற்றை அறை, ஒரு தட்டு, ஒரு தம்ளர், சுவரைப் பார்த்தபடி சாப்பாடு.

மதியம் ஒரு பெரியவர் வந்தார். இது பத்தாவது தடவை. ஃப்ரிட்ஜுக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"போன மாசமே வாங்கியிருந்தா ஏமாந்திருப்பேன் தம்பி."

விற்பனையாளருக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்தது.

"விலைய மட்டும் பாக்குறீங்களேய்யா. இந்த ஒரு வருஷமா இது இல்லாம ஓட்டினீங்களே, அத யாரு திருப்பிக் குடுப்பா?"

பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். இந்தப் பேச்சைக் கேட்கவே அடுத்த மாதமும் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்டவர் மசியவில்லை. சொன்னவர்தான் மசிந்துவிட்டார்.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு நேராக வீட்டுக்காரரிடம் போனார். அவரே இன்னும் குறைக்க வாயெடுத்தபோதும், வேண்டாம், சாவியைக் கொடுங்கள் என்று முன்பணத்தை நீட்டினார். காலி வீட்டில் ஜன்னல்களைத் திறந்தார். மகளின் கட்டிலுக்கு எந்தச் சுவர் ஒத்துவரும் என்று முழம் போட்டு அளந்தார். பள்ளிக்கூடம்கூட எட்டிப் பார்க்கும் தூரத்தில் இருந்தது. கூடத்தின் நடுவில் நின்று மனைவிக்குப் போன் போட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னார். வெறும் சுவர்கள் அவர் குரலை அவருக்கே திருப்பித் தந்தன. லைன் போய்விட்டதோ என்று இரண்டு தடவை ஹலோ சொன்னார்.

"இருக்கேங்க," என்றாள் மனைவி. "பாப்பாவ இங்கயே ஸ்கூல்ல சேத்து ரெண்டு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்றதத்தான் நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தேன்."