மீட்ட படம்

மேஜைக்கு அடியில் மண்டியிட்டு, கம்ப்யூட்டரின் முதுகில் கேபிளைச் செருகப் பார்த்தாள் அவள். போகவில்லை. திருப்பிச் செருகினாள். அப்போதும் போகவில்லை. முதலில் பிடித்திருந்த மாதிரியே மறுபடி பிடித்ததும் ஒன்றும் நடக்காதது போல உள்ளே போயிற்று. அதற்குள் முழங்கால் இரண்டும் மரத்துவிட்டன.

"மாட்டிட்டேன். ஏதாவது வருதா?"

"வரலம்மா," என்றாள் மேலே நாற்காலியில் இருந்த மகள். "பக்கத்து ஓட்டையில மாட்டிப் பாரு."

மாட்டினாள். அதிலும் வரவில்லை.

நேற்று மாலை ஆறரை மணிக்கு அவள் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று தன் காலால் நடந்து உள்ளே போனவர். இன்று நாலு மணிக்கு மண்டபத்தில் கடைசி மரியாதை. பெட்டியின் தலைமாட்டில் வைக்கப் பெரிதாக ஒரு படம் வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் வந்து சேராவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று படக்கடைக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். இப்போது மணி பத்தேகால்.

தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரையும் படமெடுத்த மனிதர். கல்யாணமா, பிறந்த நாளா, ஆபீசில் யாராவது ஓய்வு பெறுகிறாரா, கழுத்தில் கேமராவோடு முதல் ஆளாகப் போய் நிற்பார். எப்போதும் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றதில் அவர் முகம் எதிலும் விழவில்லை. போன மாதம் அவரே ஓய்வு பெற்ற அன்று, கோட்டுப் போட்டுக்கொண்டு, கேமராவை அலமாரி மேல் வைத்து, அது பத்து எண்ணி முடிப்பதற்குள் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்து தன்னைத் தானே எடுத்துக்கொண்டார். "நான் எடுக்கட்டுமா?" என்று அவள் கேட்டதற்கு, "நீ எட்டவே நில்லு," என்றார். அந்தப் படம் கேமராவுக்குள் இருந்தது. கேமராவோ கிழடு. அதன் சின்னத் திரை கறுத்துப்போய் ஒரு வருஷமாகிறது. படம் பதிகிற கார்டை வைக்கும் மூடி இறுகிப்போய், கத்தியால் நெம்பினாலும் திறக்கவில்லை. கேபிள் ஒன்றுதான் வழி.

மகள் ஒரு கம்பெனியின் உதவி எண்ணில் வேலை பார்க்கிறாள். முகம் தெரியாதவர்களின் கம்ப்யூட்டருக்கு நாள் முழுக்க ஃபோனிலேயே வைத்தியம் சொல்லும் வேலை. அழுது வீங்கிய கண்ணோடும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"கேமரா ஆன்ல இருக்கா?"

"பச்சை விளக்கு எரியுது."

"பேட்டரி?"

"இப்பதான் சார்ஜ் போட்டு எடுத்தேன்."

"ஒரு தடவை ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க," என்றவள், நாக்கைக் கடித்துக்கொண்டு, "பண்ணும்மா," என்றாள்.

அறை வாசலில் நாத்தனார் வந்து நின்றாள். அவருடைய ஒரே தங்கை, நேற்றே வந்துவிட்டவள். "அண்ணி, நீங்க எழுந்து வாங்க. அவ பார்த்துக்குவா," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் கேட்கும்படி, மகளிடம், "ஃபார்மட்டைக் கிட்ட விடாதடி," என்றாள்.

செத்த வீட்டிலும் அந்தப் பேர் வந்துவிட்டது. பதினொரு வருஷமாக அதுதான் அவள் பேர்.

வைத்தவர் அவர்தான். பதினொரு வருஷத்துக்கு முன், அவளுடைய அக்கா உடம்பு முடியாமல் கடைசி நாட்களுக்கு இந்த வீட்டுக்கு வந்தாள். தனியாகவே வாழ்ந்தவள், படமெடுக்க யாரையும் விட்டவளில்லை. அவளுக்கென்று இருந்தது பள்ளிக்கூடத்தில் எடுத்த கூட்டப் படம் ஒன்று, அதிலும் முகம் மிளகு அளவு. ஒரு மத்தியானம் அவளைப் பால்கனியில் உட்காரவைத்து, என்னவோ பேசிச் சிரிக்கவைத்து, அவர் நாற்பது படம் எடுத்தார். அந்த வேலையில் அவர் கெட்டிக்காரர், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மறுநாள் அக்கா படத்தைப் பார்க்க வேண்டுமென்றாள். அவர் ஆபீசுக்குப் போயிருந்தார். இவளே கேபிளை மாட்டினாள். திரையில் இங்கிலீஷில் ஏதோ கேள்வி வந்தது. ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். இந்த வீட்டில் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. ஆம் என்பதை அழுத்தினாள்.

எல்லாம் போயிற்று.

ஒன்பதாம் நாள் அக்கா இறந்தாள். இதே மண்டபம்தான். தலைமாட்டில் படம் வைக்கிற தாங்கி வெறுமனே நின்றது. "படம் இல்லையா?" என்று கேட்டவர்களிடமெல்லாம், "எங்க வீட்டம்மா ஃபார்மட் பண்ணி எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க," என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். அதோடு விட்டாரா? "ஃபார்மட், ரெண்டு டீ கொண்டா." "ஃபார்மட் கையில எதையும் குடுக்காதீங்க, திரும்பி வராது." விருந்தாளிகள் சிரித்தார்கள், நாத்தனார் ஒரு பங்கு கூடுதலாகச் சிரித்தாள். அவளும் கூடவே சிரித்தாள். வேறென்ன செய்வது? அக்காவின் முகத்தைத் தன் விரலாலேயே துடைத்தவளாயிற்றே.

மகள் குனிந்து கேபிளை உருவி, விரலில் உருட்டிப் பார்த்தாள். "மெலிசா இருக்கு. இது சார்ஜ் மட்டும் ஏத்தற கேபிளும்மா. உள்ள ரெண்டு கம்பிதான் இருக்கும். படம் போகணும்னா நாலு வேணும். கேமராவோட வந்த கேபிள் எங்க?"

"எனக்கென்ன தெரியும்? அது என் கண்ணுல பட்டே பதினொரு வருஷமாச்சு."

இழுப்பறைகளைத் தரையில் கொட்டித் தேடினார்கள். ஒவ்வொரு கேபிளிலும் ஒரு துண்டுச் சீட்டு, அவருடைய முத்து முத்தான எழுத்தில்: பிரிண்டர், ஸ்பீக்கர், பழைய ஃபோன். கேமரா என்று மட்டும் எதிலும் இல்லை. மணி பதினொன்றைத் தொட்டபோது நாத்தனார் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தாள். நேற்று ஆஸ்பத்திரியில் கொடுத்த அவருடைய சாமான்கள்.

"இதுல ஏதோ ஒயர் இருக்கே, பாரு."

கைக்கடிகாரம், கண்ணாடி, சீப்பு. கூடவே, கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தார்களாம், ரப்பர் வளையம் போட்டுச் சுருட்டிய ஒரு கேபிள்.

"இதை எதுக்கு ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போனார்?" என்றாள் மகள்.

அவள் ரப்பர் வளையத்தை உருவினாள். தினமும் வெளியே கிளம்பும்போது கால்சட்டைப் பையை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொள்வார். சாவியைத்தான் பார்க்கிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போகும்போதும் மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறார், இவள் கை பட்டுவிடக் கூடாதே என்று.

இந்தத் தடவை மாட்டியதும் கம்ப்யூட்டர் டொய்ங் என்றது. மூன்று பேரும் திரையைப் பார்த்தார்கள். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது. இதைப் பயன்படுத்த வேண்டுமானால் முதலில் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா? பதினொரு வருஷத்தில் கட்டத்தின் நிறம் மட்டும்தான் மாறியிருந்தது.

"ஐயோ! அண்ணி, கையை எடுங்க!" என்றாள் நாத்தனார்.

அவள் கை மேஜைமேலேயே இல்லை.

"அம்மா ஒண்ணும் பண்ணல அத்தை." மகள் வேண்டாம் என்ற கட்டத்தை அழுத்தினாள். "கார்டு கெட்டுப்போயிருந்தா இப்படித்தான் கேக்கும். படம் கம்ப்யூட்டருக்கு ஏறிட்டிருக்கும்போதே கேபிளைப் பிடுங்கினா கார்டு கெடும். இதுக்காகவே எங்களுக்கு தினம் நாலு பேர் ஃபோன் பண்ணுவாங்க. அப்பா எப்பவும் வெடுக்குன்னுதான் பிடுங்குவார். நானே எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

அக்கா படம் கேட்ட அன்று காலை, நேரமாகிவிட்டது நேரமாகிவிட்டது என்று கேபிளை வெடுக்கென்று பிடுங்கி மேஜைமேல் எறிந்துவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டு ஓடியவர் அவள் கண்முன் வந்தார்.

"அன்னிக்கும் இதே கேள்விதான் வந்துச்சு," என்றாள்.

மகள் திரும்பிப் பார்த்தாள். "இதேயா? அப்ப நீ மாட்டறதுக்கு முன்னாடியே கார்டு போயிருக்கும்மா. நான் ஹாஸ்டல்ல இருந்தேன், நீதான் எதையோ அழிச்சிட்டேன்னு நினைச்சேன். இந்தக் கேள்வி வந்துச்சுன்னு நீ சொன்னதே இல்லையே."

"யாரு கேட்டா?"

மகள் திரைப் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஆம் அழுத்தினாலும் படம் உடனே போயிடாது. உள்ளேயேதான் கிடக்கும். மீட்கறதுக்குன்னு புரோகிராம் இருக்கு, இறக்கிக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே தேடியவள், "அட, அப்பாவே போட்டு வெச்சிருக்காரு," என்றாள்.

புரோகிராமை ஓடவிட்டாள். மீட்கிற படங்கள் வந்து விழும் இடத்தைத் திறந்தாள். அங்கே ஏற்கெனவே ஒரு கோப்புறை இருந்தது. பேர் இல்லை, ஒரு தேதிதான். யோசிக்காமல் அதையும் திறந்துவிட்டாள்.

அக்கா சிரித்தாள். உதிர்ந்து மறுபடி முளைத்த அரையங்குல முடியோடு, பால்கனி வெயிலில், ஒரு பல் கோணலாகத் தெரிய, வாய்விட்டுச் சிரித்தாள். அடுத்ததிலும், அதற்கடுத்ததிலும். நாற்பது படம். ஒன்றுகூடக் குறையவில்லை.

"பெரியம்மா இறந்தது எந்தத் தேதிம்மா?"

"பதினெட்டு."

"இதை மீட்டது பன்னிரண்டு." மகளின் குரல் இறங்கிவிட்டது. "பழைய கம்ப்யூட்டர்லேர்ந்து பத்திரமா இதுக்கு மாத்தி வேற வெச்சிருக்காரு."

பன்னிரண்டு. படம் அழிந்த மூன்றாம் நாள். முதல் இரண்டு நாளும் அவர் பேசவில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை இந்த அறையிலிருந்து விசிலடித்துக்கொண்டு வெளியே வந்து, "ஃபார்மட், ஒரு டீ போடு," என்றார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான். மன்னித்துவிட்டார் என்று நினைத்து, டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டுக் கொடுத்தாள். அதற்கு ஒரு வாரம் கழித்து அந்த வெறுந்தாங்கிக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் பதில் சொன்னார்.

"அண்ணன் ஏதோ விளையாட்டுக்கு..." என்று ஆரம்பித்தாள் நாத்தனார்.

"ஆமா, விளையாட்டுதான்."

அவளுக்குக் கோபம் வந்தது. இத்தனை வருஷம் வராத கோபமெல்லாம் சேர்ந்து வந்தது. நேற்றிலிருந்து அழுத அழுகையைத் திருப்பி வாங்கிக்கொள்ள முடியுமானால் வாங்கியிருப்பாள். அந்த மனிதரை எழுப்பி உட்காரவைத்து ஏன் என்று ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும், பதில் சொல்லிவிட்டு மறுபடி சாகட்டும் என்றிருந்தது.

பதினொன்று நாற்பதுக்கு மகளின் ஃபோன் அடித்தது. ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட ஆள் வேண்டும், வண்டி காத்திருக்கிறது என்றார்கள். படம் மீண்டு வர இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. மகள் படக்கடைக்குப் போக வேண்டிய மெயிலைத் திறந்து வைத்தாள். "அப்பா படம் இங்க வரும். அதைப் பிடிச்சு இழுத்து இதுக்குள்ள விட்டுட்டு, அனுப்புங்கறதை அழுத்தும்மா. அவ்வளவுதான்."

"இவங்ககிட்டயா விட்டுட்டு வர்ற?" என்றாள் நாத்தனார்.

"அம்மாதான் அனுப்புவாங்க. வாங்க அத்தை."

வீட்டில் அவள் மட்டும் இருந்தாள். ஐந்து நிமிஷம் கழித்து அவர் வந்தார். கோட்டில் சுருக்கமில்லை, மோவாய் தூக்கியிருந்தது, ஓடி வந்து உட்கார்ந்த மூச்சிரைப்புகூடத் தெரியவில்லை. நல்ல படம்தான். அதற்குப் பக்கத்து ஜன்னலில் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் மௌஸைப் பிடித்து இழுத்தாள். முதல் தடவை பாதி வழியில் நழுவிவிட்டது. இரண்டாம் தடவை நழுவவில்லை.

படக்கடைக்காரர் உடனே கூப்பிட்டார். "அம்மா, ஒரு லேடி படம் வந்திருக்கு. சாரோடது..."

"அதான் படம். சட்டம் போட்டுடுங்க."

"கீழ பேர் ஏதாவது எழுதணுமா?"

"வேணாங்க. எனக்குத் தெரியும்."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது, பழுப்புக் காகிதம் சுற்றிய சட்டம் மண்டபத்துக்கு வந்தது. காகிதத்தை அவளே பிரித்து, படத்தைத் தாங்கியில் வைத்து, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

நாத்தனார்தான் முதலில் கவனித்தாள். "அண்ணி! படம் மாறிப்போச்சு!"

"மாறல."

மகள் படத்தைப் பார்த்தாள், பெட்டிக்குள் படுத்திருந்தவரைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். "அப்பா படம் எங்கம்மா?"

"வீட்ல இருக்கு. பத்திரமா இருக்கு. ஒரு பதினொரு வருஷம் போகட்டும், எடுத்து மாட்டலாம்."

மகளின் முகம் சுருங்கியது. அம்மாவின் கையைப் பிடிக்கவில்லை. தாங்கியையும் தொடவில்லை. ஒரு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தாள்.

கதவு திறந்ததும் முதலில் வந்தவர் ஆபீஸ் மேனேஜர். கையில் பூங்கொத்து. பெட்டியைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், நாற்காலியில் இருந்த இறந்தவரின் மனைவியைப் பார்த்தார். இந்த மாதிரி இடத்தில் யார் யாரைக் கேள்வி கேட்பது? எதற்கும் இருக்கட்டுமென்று பூவைப் படத்தின் கீழே வைத்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். பின்னால் வந்தவர் முன்னால் போனவர் செய்ததையே செய்தார். அவருக்குப் பின்னால் வந்தவரும் அப்படியே. அரைமணியில் படத்தின் கீழே பூ குவிந்துவிட்டது. பெட்டிமேல் நாத்தனார் வைத்த ஒரு மாலை மட்டும் இருந்தது.

பூ ஏற ஏற, ஒரு பெரிய கொத்து சாய்ந்து அக்காவின் வாயை மறைத்தது. அவள் எழுந்து போய் அதை எடுத்தாள். வைக்கக் கீழே இடமில்லை. கையில் வைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தவள், பெட்டியில் அவர் கால்மாட்டில் அதை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளுக்காக நின்றிருந்த வரிசை மறுபடி நகர்ந்தது.