ரேடியோ அக்கா பேசாமல் நின்றபோது

1

இந்தக் கதை மாலை வகுப்பில் கிடைத்தது. ஆசிரியப் பயிற்சி படிக்கிறேன். பகலில் வேறு வேலை. அன்று பயிற்றுநர் சார் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார்: கேள்வி கேட்ட ஆசிரியர் உடனே பதிலைப் பிடுங்காமல் கொஞ்சம் காத்திருந்தால், வாயே திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்களாம். நாட்குறிப்பில் எழுதி அடிக்கோடிட்டேன். கட்டுரையாகவே முடிந்திருக்கும். ரேடியோ அக்கா கெடுத்துவிட்டார்.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: "அந்த வகுப்பறையில் நிலவிய ஆழ்ந்த அமைதி..." (வேண்டாம். ஏழாம் வகுப்பில் எங்கே அமைதி நிலவுகிறது?)

இரண்டாவது: ரேடியோ அக்கா என்னுடன் படிப்பவர். ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர். கேள்வியையும் கேட்டு, பதிலையும் அவரே சொல்லிவிடுவார். போன முறை, பள்ளியில் பாடம் நடத்திக் காட்டும் செய்முறைத் தேர்வில் அதனால்தான் தோற்றார். இந்த முறையும் தோற்றால் படிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள். (இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.)

3

தேர்வு நாள். ஒரு பள்ளியின் ஏழாம் வகுப்பு. சாரும் நானும் கடைசி பெஞ்சில்.

"அரை பெருசா, மூணுல ஒண்ணு பெருசா? ஏன்?" என்று கேட்டார் அக்கா.

"மூணுல ஒண்ணு மிஸ்! மூணுதானே பெருசு!" என்று ஒரே கூச்சல்.

வழக்கமாக அக்கா அங்கேயே பாய்ந்திருப்பார். பாயவில்லை. சாக்பீஸைப் பிடித்தபடி நின்றார். கூச்சல் தானாக அடங்கியது. ஜன்னலோரம் ஒரு சிறுமி எழுந்தாள். (அவளை வர்ணித்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவளை எனக்குத் தெரியாது.)

"அரைதான் மிஸ். பங்கு கேக்க ஆள் கூடினா, ஆளுக்குக் கிடைக்கிறது குறையும்ல?"

எங்களருகே நின்ற வகுப்பாசிரியை, "அட, இவ பேசுவாளா!" என்றார்.

4

படிக்கட்டில் அக்கா என்னை ஓரங்கட்டினார்.

"தம்பி, வெளியில சொல்லிடாதே. நான் ஒண்ணும் காத்திருக்கலை. அடுத்து என்ன சொல்லணும்னே மறந்துபோச்சு."

"நீங்களா? பேச்சு மறந்துச்சா?"

"சிரிக்காதடா. உயிர் போயி உயிர் வந்துது."

இங்கே எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. ஆசிரியரின் மறதியால் ஒரு பிள்ளை பேசினால் அது கற்பித்தலா? அந்த ஆய்வு, ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று பார்க்கிறது. ஏன் காத்திருந்தார் என்று... (தெரியவில்லை. சாரிடம் கேட்க வேண்டும்.)

5

சாரே இறங்கி வந்தார். என்னிடம் கேட்டார்: "நீ கூடவே இருக்கறவன், சொல்லு. இவங்க நிஜமாவே காத்திருந்தாங்களா?"

முடிவு அ: "ஆமா சார்." (அக்கா தேர்ச்சி. நான் பொய்யன்.)

முடிவு ஆ: உண்மையைச் சொல்கிறேன். (அதன்பின் அக்காவின் முகம் எப்படி இருந்தது என்று எழுத வரவில்லை.)

இரண்டும் நடக்கவில்லை. நான் யோசிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"மறந்துட்டேன் சார். ஆனா அந்தப் பொண்ணு பேசினதைக் கேட்டேன்ல? இனிமே மறக்காமலே நிப்பேன்."

என்னிடம் கேட்ட கேள்விக்கும் அவரே பதில்!

சார் உடனே எதுவும் சொல்லவில்லை. பிறகு சொன்னார். அது எனக்குத் தெரியும். எழுதினால் நானும் முந்திக்கொண்டவன் ஆவேன். ஆகவே உங்களைக் கேட்கிறேன்: அக்காவுக்குத் தேர்ச்சி கொடுக்கலாமா? ஏன்?

அவசரமில்லை. இங்கேதான் இருக்கிறேன்.